மூணாறு உறைபனிக்கு எந்தச் சாக்கை வாங்குவது?

டிசம்பர் பின்பாதியில் மழை ஓய்ந்து, வானம் துடைத்துவிட்டாற்போல் தெளிந்து, காற்றும் அடங்கிவிட்டால் செண்டுவாரை, லட்சுமி, செவன்மலை, சைலண்ட்வேலி எஸ்டேட்டுகள் பக்கமெல்லாம் விடியும்போது புல் வெள்ளையாகக் கிடக்கும். படம் எடுக்க வருகிறவர்களுக்கு அது கொண்டாட்டம். ஆறு மணிக்கு லயத்துப் (தொழிலாளர் வரிசைவீட்டுப்) படியில் இறங்குகிறவருக்கும், பால் கேனைக் கட்டிக்கொண்டு பைக்கில் போகிறவருக்கும் கவலையெல்லாம் இடுப்பெலும்பைப் பற்றித்தான்.

விடுதிகளும் ஹோம்ஸ்டேக்களும் பெருகிய பிறகு, ‘ஐஸ் மெல்ட்’ என்று எழுதிய பொட்டலங்களை இணையத்தில் பார்த்துவிட்டு எதை வாங்கலாம் என்று கேட்கிறவர்கள் கூடிவிட்டார்கள். அவர்களுக்காகத்தான் இது. மூணாறு, போடி, தேனியில் கைக்கு எட்டுகிற பொருள்களை மட்டும் எடுத்துக்கொண்டோம்: கல் உப்பு, கால்சியம் குளோரைடு, யூரியா, 6 மி.மீ. சிப்ஸ் (கிரஷரில் உடைத்த பொடி ஜல்லி), கூடவே சாம்பலும் சணல் சாக்கும். நடைபாதை, படிக்கட்டு, எஸ்டேட் உள்சாலை இவற்றுக்கு மட்டுமே இந்த மதிப்பீடு பொருந்தும். கொச்சி–தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலை 85-ல் யாரும் சொந்தமாக எதையும் கொட்டக் கூடாது. அங்கே ஊற்றுநீர் குறுக்கே ஓடினால் நெடுஞ்சாலைத் துறைக்குச் சொல்வதுதான் வழி.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இந்த மலைக்குச் சிப்ஸும் உப்புக்கரைசலும் போதும். கால்சியம் குளோரைடு ஒரே ஒரு வேலைக்குத்தான் தேவைப்படும். யூரியா பக்கமே போக வேண்டாம். ஆனால் எந்தச் சாக்கையும் பிரிப்பதற்கு முன் மண்வெட்டி வேலை ஒன்று இருக்கிறது. அதைச் செய்யாமல் வாங்குகிற எல்லாப் பொருளும் தண்டம்.

பொருளின் தரத்தைப் பேசும் முன் குளிரின் அளவைப் பார்க்க வேண்டும். மூணாறு சுற்றுவட்டாரத்தில் மோசமான விடியலில்கூட வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே மூன்று நான்கு டிகிரிக்குள்தான் இறங்கும். 2019 ஜனவரியில் தேயிலை கருகும் அளவுக்கு அடித்த பனியும் இந்தக் கணக்குதான். இன்னொன்று: வானிலைக் கருவி தரையிலிருந்து ஒன்றேகால் மீட்டர் உயரத்தில், கூண்டுக்குள் இருக்கும். அது 2 டிகிரி காட்டும்போதே புல்மட்டத்தில் பூஜ்யத்துக்குக் கீழே போயிருக்கலாம். ஆகவே செய்தியில் ‘2 டிகிரி’ என்று வந்தால் நமக்கு வராது என்று விட்டுவிடக் கூடாது. குளிர்காற்று கனமானது. இரவில் சரிவிலிருந்து இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் எஸ்டேட்டில் மேட்டிலுள்ள டிவிஷன் (தோட்டப் பிரிவு) தப்பித்து, கீழே ஓடையோரத்து டிவிஷன் வெள்ளையாகிறது. தார்ச்சாலை பகல் வெயிலைச் சேர்த்துவைத்திருக்கும், சட்டென்று உறையாது. பாலத்தின் மேல்தளத்துக்கு அடியில் மண் இல்லை, மேலும் கீழும் குளிர்ந்து முதலில் உறைவது அதுதான். மரப்பலகை நடைபாதைக்கும் இரும்புப் படிக்கும் அதே கதி.

இப்போது மண்வெட்டி வேலை. இங்கே ஆளை விழவைக்கும் பனிக்கட்டியில் பெரும்பங்கு வானத்திலிருந்து வருவதில்லை. மேல்கட்டில் கசிகிற ஊற்று, உடைந்த குழாய், தொட்டி நிரம்பி வழிகிற நீர் ஆகியவை பாதையில் மெல்லிசாகப் பரவி உறைவதுதான் அது. கணக்குப் போட்டால் விளங்கும். ஒரு சதுர மீட்டரில் 35 மில்லி கெட்டி உப்புக்கரைசல் தெளித்தால் அதில் ஏறத்தாழ 9.5 கிராம் உப்பு இருக்கும். மைனஸ் 3 டிகிரியில் உறையாமல் இருக்க 5 சதவீத உப்பு போதும். அதாவது அந்த 9.5 கிராம், கரைசலில் உள்ள நீரையும் சேர்த்து, சுமார் 190 கிராம் திரவத்தைத் தாங்கும். ஒரு இரவில் இறங்கும் பனிநீருக்கு இது பெரும்பாலும் பற்றும். ஆனால் மணிக்கு ஒரு லிட்டர் கசிகிற ஊற்றுக்கு முன்னால் அது எந்த மூலை? இரண்டு மணி நேரத்தில் உப்பெல்லாம் கழுவிப்போய், வெறும் நீர் உறைந்து நிற்கும். அப்புறம் ‘உப்பு வேலை செய்யவில்லை’ என்று புகார் வரும்.

ஆகவே நவம்பர் கடைசியில், மழைநீர் வடியும்போதே, பாதையோரம் நடந்து எங்கே ஈரம் காயவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். மேல்பக்கம் ஒரு சாண் அகலம், ஒரு சாண் ஆழம் வாய்க்கால் எடுத்தால் பெரும்பாலான கசிவு திரும்பிவிடும். திரும்பாத இடத்தில் பாதைக்கு அடியில் 4 அங்குல பி.வி.சி. குழாயைச் சரிவாகப் புதைத்துவிடலாம். கீழ்வாயில் இலை அடைக்காமல் இருக்கிறதா என்று டிசம்பர் முழுக்கப் பார்க்க வேண்டும். அடைத்துக்கொண்டால் குழாய் இல்லாததைவிட மோசம்.

இனி பொருள்கள்.

கல் உப்புக்குத்தான் முதல் மதிப்பெண். தென்னைக்குப் போடுவதற்காகக் கம்பம் பள்ளத்தாக்கில் மூட்டை மூட்டையாக விற்பார்களே, தூத்துக்குடிப் பக்கத்து அயோடின் சேர்க்காத உப்பு, அதுவே போதும். பொடி உப்பும் அதே வேலையைச் செய்யும், காசுதான் கூட. உப்பு பனிக்கட்டியை உருக்கும் கோட்பாட்டு எல்லை மைனஸ் 21 டிகிரி. நடைமுறையில் மைனஸ் 9 டிகிரிவரை நம்பலாம். நமக்கு வேண்டியது மைனஸ் 4. தாராளமாக இருக்கிறது.

அதை எப்படிப் போடுவது என்பதில்தான் சூட்சுமம். உறைந்த பிறகு அள்ளி வீசுவதைவிட, உறைவதற்கு முந்தின சாயங்காலம் கரைசலாகத் தெளிப்பது ஏறத்தாழ பாதி உப்பிலேயே வேலையை முடித்துவிடும். 10 லிட்டர் தண்ணீருக்கு 3 கிலோ உப்பு. இது எடைக்கணக்கில் 23 சதவீதக் கரைசல், உப்புக்கரைசல் அதிகபட்சக் குளிரைத் தாங்கும் அளவு. கெட்டியாக இருந்தால் நல்லதுதானே என்று 4 கிலோ போடுகிறவர்கள் உண்டு. கூடுதல் உப்பு கரையாமல் அடியில் தங்கும். அதில் கரைந்த கொஞ்சமும் குளிரில் படிகமாகி ஸ்பிரேயரின் நாசிலை (தெளிப்பு முனையை) அடைக்கும். அடர்த்திமானி இருந்தால் 1.17 காட்ட வேண்டும். ஐஸ் கம்பெனிகளில் உப்புநீர்த் தொட்டிக்கு வைத்திருப்பதும் இதே கருவிதான்.

முதல் நாளே பிளாஸ்டிக் டிரம்மில் கரைத்து, அழுக்கும் சுண்ணாம்பும் அடியில் படிந்த பின் மேல்நீரை மட்டும் இரட்டை வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். ஏலத்தோட்டத்தில் முதுகில் மாட்டுகிற 16 லிட்டர் ஸ்பிரேயர் ஏற்றது. ஒரு டேங்க் 400 சதுர மீட்டருக்கு மேல் வரும். புகை மாதிரி அடிக்கிற நாசில் வேண்டாம். காற்றில் பாதி போய்விடும், பக்கத்துச் செடியிலும் படும். கோடு கோடாக ஒழுகவிடும் நாசில் நல்லது: நான்கு விரல் இடைவெளியில் கோடுகள் விழுந்தால் போதும், பாதை முழுக்க நனைய வேண்டியதில்லை. களைக்கொல்லி அடித்த ஸ்பிரேயரை இதற்கு எடுக்கவே கூடாது. இதற்கென்று ஒன்று ஒதுக்கி, மேலே பெயின்டால் எழுதி வையுங்கள். பித்தளை, இரும்புப் பாகங்களை உப்பு தின்றுவிடும். வேலை முடிந்ததும் இரண்டு டேங்க் நல்ல தண்ணீர் ஓடவிட வேண்டும்.

பாதை காய்ந்திருக்கும்போது, சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் தெளிக்கலாம். மேகம் மூடியிருந்தால் அன்று தேவையே இல்லை. மேகம் போர்த்திய இரவில் உறைபனி விழாது.

கெட்டி உப்பாகவே தூவ நேர்ந்தால் ஒரு சதுர மீட்டருக்கு 20 கிராம், அதாவது குவித்து எடுத்த ஒரு மேசைக்கரண்டி. பிரிட்டனில் வீட்டு வாசலுக்குச் சொல்லப்படும் அளவும் ஒரு மேசைக்கரண்டிதான். இங்கே படியில் உப்பு வெள்ளையாகத் தெரியும்வரை கொட்டுகிறார்கள். அவ்வளவு தெரிந்தால் அளவு பல மடங்கு தாண்டிவிட்டது என்று பொருள். காய்ந்த உப்பு காய்ந்த பனிக்கட்டிமேல் உடனே ஒன்றும் செய்யாது, துள்ளி ஓரத்துக்கும் போய்விடும். ஒரு வாளி உப்புக்கு ஒரு டம்ளர் கரைசல் பிசிறித் தூவினால் ஒட்டிக்கொண்டு உடனே வேலை தொடங்கும். டொராண்டோவில் இருக்கும் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப்பில் சொல்கிற அளவு இங்கே செல்லாது. அங்கே முதலில் மண்வாரியால் பனியை வழித்துத் தள்ளிவிட்டு மிச்சத்துக்குத்தான் உப்பு. குளிரும் பல நாள் மைனஸ் 10-ஐத் தாண்டும். நமக்கு வழிக்கப் பனிப்பொழிவே கிடையாது.

உப்பின் குறைகளை மறைக்க முடியாது. தேயிலைத் தூர்ப்பக்கம் நீர் வடிந்தால் இலைநுனி கருகும், சோடியம் களிமண்ணைக் குழைத்து இறுக்கிவிடும். வடிகால் செடிப்பக்கம் போகாத இடத்தில் மட்டுமே உப்பு. கான்கிரீட்டுக்கு இன்னொரு தொல்லை. குளிர்நாடுகளில் ஒருமுறை உறைந்தால் பல நாள் உறைந்தே கிடக்கும். இங்கே தினமும் விடியலில் உறைந்து ஒன்பது மணிக்கு உருகுகிறது. ஒவ்வொரு நாளும் ஒரு சுற்று. உப்பும் சேர்ந்தால் மேல்தோல் செதில் செதிலாகப் பெயரும். போட்டு ஒரு வருஷம் ஆகாத கான்கிரீட்டில் உப்பே வேண்டாம். இரும்புக் கைப்பிடியின் அடிப்பட்டையைப் பெயின்ட் அடித்து வையுங்கள்.

இவற்றைவிடப் பெரிய தடை காட்டு விலங்கு. காட்டுமாடும் மானும் உப்பு நக்க வரும். கனடாவின் ஜாஸ்பர் தேசியப் பூங்காவில், சாலை உப்பு படிந்த காரை மூஸ் மான் நக்க விடாதீர்கள் என்று 2020-ல் பலகையே வைத்தார்கள். நம் ஊரில் வருவது யானை. அரிசியும் உப்பும் இருக்கும் கட்டடத்தை அது சும்மா விடாது. சின்னக்கானலில் ரேஷன் கடையை உடைத்து உடைத்தே பெயர் வாங்கிய அரிக்கொம்பனை 2023 ஏப்ரலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட, மே மாதம் அது கம்பம் நகருக்குள்ளேயே வந்து நின்றது. யானை நடமாடும் பக்கத்தில் தகர ஷெட்டில் உப்பு மூட்டை அடுக்குவது வம்பை விலைக்கு வாங்குவது. அந்த இடங்களுக்குச் சிப்ஸ் மட்டும் போதும், உப்பு கரைசலாகக்கூட வேண்டாம்.

கால்சியம் குளோரைடு பற்றி நிறையப் பேச்சு. இணையத்தில் வரும் ‘ஐஸ் மெல்ட்’ பொட்டலங்கள் பலவற்றிலும் இதுதான் இருக்கிறது. செதில் ரகத்தில் 77 சதவீதம், உருண்டை ரகத்தில் 94 சதவீதம். தண்ணீர் பட்டால் சூடாகும். மைனஸ் 25 டிகிரியிலும் உருக்கும். அட்டையில் அச்சிட்டிருப்பது பொய்யில்லை. ஆனால் அந்தத் திறமைக்கு இங்கே வேலை இல்லை. மைனஸ் 4 டிகிரிக்கு அதை வாங்குவது, ஓடை தாண்டக் கப்பல் வாங்குகிற மாதிரி. கல் உப்பைவிடப் பல மடங்கு விலை.

அதைவிட, நம் ஈரப்பதம் அதற்கு எமன். காற்றில் உள்ள ஈரத்தைத் தானே இழுத்துக் கரைகிற சரக்கு அது. மூட்டையின் வாயைக் கட்டாமல் வைத்தால் மேலே கூழாகிப் பிறகு பாறையாகும், கடப்பாரைதான் எடுக்க வேண்டும். வாங்கினால் திருகுமூடி உள்ள பிளாஸ்டிக் டிரம்மில் கொட்டி வையுங்கள். அளவு கூடிப்போனால் பாதையில் எண்ணெய் மாதிரி ஒரு படலம் நிற்கும். டைல்ஸில் அது பனியைவிட மோசமாக வழுக்கும். தோல் செருப்பு விறைத்து வெடிக்கும். கையுறை கட்டாயம். கரைக்கும்போது தண்ணீரில்தான் இதைக் கொஞ்சங்கொஞ்சமாகப் போட வேண்டும், இதன்மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது, சூடாகித் தெறிக்கும்.

இதற்குப் பொருந்தும் அந்த ஒரே வேலை: வெயில் படாத சரிவில் ஏற்கனவே பனிக்கட்டி பிடித்துவிட்டது, விடியற்காலையில் வண்டி வெளியே போயாக வேண்டும். அப்போது சதுர மீட்டருக்கு 25 கிராம் தூவினால் கல் உப்பைவிடச் சீக்கிரம் துளைத்து இறங்கும். கட்டி தளர்ந்ததும் மண்வெட்டியால் பெயர்த்து ஓரம் தள்ளிவிட வேண்டும். முழுக்க உருகட்டும் என்று இன்னும் இரண்டு கை போடுவதுதான் வழக்கமாக நடக்கிற தப்பு. 5 கிலோ டிரம் ஒரு பருவத்துக்குத் தாங்கும்.

யூரியா எஸ்டேட் ஸ்டோரில் எப்போதும் இருக்கும், அதனால் கை அங்கே போகிறது. விமான ஓடுதளங்களில் யூரியா போட்ட காலம் உண்டு, உண்மைதான். ஆனால் மைனஸ் 4-க்கு அருகிலேயே அதன் சக்தி தீர்ந்துவிடும். கரையும்போது சுற்றியுள்ள சூட்டை வேறு உறிஞ்சும். வடிந்த இடமெல்லாம் பாசிக்கு விருந்து. ஜூன் மழையில் அந்தப் பாதை முன்னைவிட வழுக்கும். மானிய உரத்தை விவசாயம் அல்லாத வேலைக்குத் திருப்புவது சட்டப்படி குற்றமும்கூட. பொட்டாஷ் மூட்டையும் அப்படியே: உருக்கும், ஆனால் உப்பைவிட மட்டம்.

சிப்ஸ் எதையும் உருக்காது. பிடிப்பு தரும், அவ்வளவுதான். ஆனால் இந்த மலையில் பனிக்கட்டியின் ஆயுளே மூன்று நான்கு மணி நேரம் எனும்போது பிடிப்பு போதாதா? கிரஷரில் 6 மி.மீ. சிப்ஸ் கேளுங்கள். பேபி ஜல்லி என்றும் சொல்வார்கள். சில இடங்களில் அந்தப் பெயரில் 12 மி.மீ. ஏற்றிவிடுவார்கள், கையில் எடுத்துப் பார்த்து வாங்குங்கள். கல் முனை கூர்மையாக இருக்க வேண்டும். விரலிடுக்கில் அழுத்தினால் குத்த வேண்டும். ஆற்று மணல் உருண்டை, கடிக்காது. கிரஷர் தூசி நைஸ், ஈரத்தில் சேறாகும். எம்-சாண்ட் கிடைத்தால் 2 மி.மீ. சல்லடையில் சலித்து மேலே நிற்பதை மட்டும் எடுக்கலாம். சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிராம். குவியல் ஈரத்தில் உறைந்து கட்டியாகாமல் இருக்க 20-க்கு 1 என்று உப்பு கலப்பார்கள். யானைப் பக்கமானால் உப்பைத் தவிர்த்துத் தார்ப்பாயால் மூடுங்கள்.

சிப்ஸ் போடக் கூடாத இடங்களும் உண்டு. தார்ச்சாலை வளைவில் வேண்டவே வேண்டாம். பனி உருகிய பிறகு அதே கல் பைக் டயருக்கு அடியில் உருளும். வழவழப்பான கிரானைட் படியிலும் காய்ந்தபின் இதே ஆபத்து. சாலை வளைவுக்குக் கரைசல்தான். படிக்கு நிரந்தர வைத்தியம் மேல்: புதிதாகக் கான்கிரீட் போட்டால், இறுகத் தொடங்கும் நேரத்தில் ஈர்க்குமாறால் குறுக்குவாட்டில் ஒரு இழுப்பு இழுத்துவிடுங்கள். தென்னை ஈர்க்கின் கோடு பதிந்த படியில் ஈரமானாலும் கால் நிற்கும். பழைய கல்படி என்றால் விளிம்பிலிருந்து இரண்டு விரல் உள்ளே தள்ளி உளியால் மூன்று கோடு கொத்தச் சொல்லுங்கள்.

சாம்பலைச் சிலர் அடித்துச் சொல்வார்கள். பேக்டரி அடுப்புச் சாம்பல் இலவசம். கரி நிறம் வெயிலை இழுத்துச் சற்றே சீக்கிரம் உருக்கும். ஆனால் உருகியதும் குழம்பாகி, செருப்போடு வரவேற்பறைவரை வரும். மண்பாதைக்கு மட்டும் சரி. சணல் சாக்கு விரிப்பதும் நல்ல உத்திதான், நான்கு மூலையிலும் ஆணியோ கல்லோ வைத்து இறுக்கியிருந்தால். தளர்வாகக் கிடந்து நனைந்து உறைந்த சாக்கு காலடியில் பலகையாக நழுவும். வெந்நீர் ஊற்றுவதைப் பற்றி ஒரு வரி போதும்: உருகும், ஓடும், பத்தடி தள்ளி கண்ணுக்குத் தெரியாத கண்ணாடியாக மறுபடி உறையும்.

மேலே சொன்ன எதுவும் பாசி பிடித்த படியில் முழுப்பலன் தராது. பனிக்காலத்தில் வழுக்கி விழுந்த இடத்தை ஒன்பது மணிக்குப் போய்ப் பார்த்தால் பல நேரம் அடியில் பச்சைப் படலம் இருக்கும். பழியை மட்டும் பனி சுமக்கிறது. நவம்பர் கடைசியில் கம்பி பிரஷால் வறண்ட நிலையில் தேய்த்துக் கூட்டியபின், 10 லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்து, தெளிந்த நீரை ஊற்றி 20 நிமிடம் விட்டுக் கழுவுங்கள். பவுடர் பழசானால் வீரியம் போய்விடும். மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறாத பவுடரை வாங்கிப் பயனில்லை. அதை ஆசிட்டோடு மட்டும் கலந்துவிடாதீர்கள், விஷவாயு வரும்.

நூறு மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம் உள்ள பாதை ஒன்றுக்கு, ஒரு இரவுக் கணக்கு இப்படி வரும்: கரைசலானால் 4 லிட்டர் சொச்சம், அதில் உப்பு ஒன்றேகால் கிலோவுக்குள். கெட்டி உப்பானால் 2.4 கிலோ. சிப்ஸ் என்றால் 18 முதல் 24 கிலோ, ஆனால் அது மறுநாளும் கிடக்கும், கலைந்த இடத்தில் மட்டும் கூட்டிச் சேர்த்தால் போதும். அந்த அளவுள்ள விடுதி கல் உப்பு ஒரு மூட்டை, சிப்ஸ் நான்கைந்து சிமெண்ட் சாக்கு, மூடியுள்ள டிரம் ஒன்று, ஸ்பிரேயர் ஒன்று, கம்பி பிரஷ் இரண்டு வாங்கினால் பருவம் ஓடிவிடும். மார்ச் பிறந்ததும் சிப்ஸைக் கூட்டி அலசிக் காயவைத்து மூட்டை கட்டுங்கள். வாய்க்காலுக்குள் விட்டால் ஜூன் மழையில் அதுவே அடைப்பாகும்.